கீழாநெல்லி கற்பித்த பாடம்



திண்டிவனத்திலிருந்து மரக்காணத்திற்குச் செல்லும் சாலையில் பிரம்மதேசம் என்றோர் ஊர் உண்டு. அதைக் கடந்து கிழக்கே போகப் போக வயல்கள் குறையும். காற்றில் உவர்ப்பு ஏறும். பின்னர் மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளை வெளேரெனக் கண்ணிற்படும். அந்தப் பக்கங்களில் மழை பெய்து ஓய்ந்த சில வாரங்களில், வயல் வரப்பிலும் பள்ளிக்கூடத்து வேலியோரத்திலும் யாரும் விதைக்காமலே ஒரு சிறு பூண்டு முளைத்துக் கிடக்கும். இரு சாண் உயரம் வளர்ந்தால் அதிகம். இலைகள் வரிசையாக அமைந்த அதன் சிறு கிளைகளின் அடிப்புறத்தில் கடுகளவு காய்கள் தொங்கும். கீழே காய்ப்பதனால் அதற்குக் கீழாநெல்லி என்று பெயர்.

எங்கள் ஊர்ப்புறத்தில் கீழாநெல்லியை அறியாத பாட்டி இல்லை. யாருக்கேனும் கண் மஞ்சளித்துவிட்டால் அதை வேரோடு பறித்து, கழுவி அரைத்து, மோரில் கலக்கி, விடியற்காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பும் எண்ணெயும் நீக்கிய பத்தியம் வேறு. உப்பு விளையும் ஊரிலே உப்பில்லாப் பத்தியம்! இரண்டு மூன்று வாரங்களில் கண் தெளிந்துவிடும். கீழாநெல்லியின் புகழ் இன்னும் ஒரு வீட்டிற்குப் பரவும்.

1988ஆம் ஆண்டு நான் இளம் விஞ்ஞான ஆசிரியனாக இருந்தேன். அவ்வாண்டு அக்டோபர் மாதம், லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று. ‘ஹெபடைடிஸ் பி’ என்னும் கல்லீரல் நோயின் கிருமியை நெடுங்காலமாக உடலில் தாங்கியிருந்தோருக்குச் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்ததில், பாதிக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்தில் அந்நோயின் அடையாளம் மறைந்துவிட்டது என்பதே அச்செய்தி. அந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் நோபல் பரிசு பெற்ற ஓர் அமெரிக்க விஞ்ஞானியும் பங்கு கொண்டிருந்தார். எனக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவில்லை. மறுநாளே ஒரு கீழாநெல்லிச் செடியைப் பறித்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்பிற்குள் நுழைந்தேன். “நம் பாட்டி சொன்னதை உலகம் இன்றுதான் ஒப்புக்கொண்டது” என்று முழங்கினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அன்றைய பாடம் அத்துடன் முடிந்தது.

முடிந்தது என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

2019ஆம் ஆண்டு, நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆனபின், ஒரு மாலைப்பொழுதில் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். உப்பளத்தில் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவன். அப்போது அவனுக்கு வயது 45 இருக்கும். முகம் வற்றியிருந்தது, வயிறு உப்பியிருந்தது, பாதங்கள் வீங்கியிருந்தன. கையிலே ஒரு கட்டு மருத்துவக் காகிதங்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் இரத்ததானம் செய்யப் போனபோது, அவனுடைய இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உடம்பிலோ ஒரு தொல்லையும் இல்லை. அவன் கீழாநெல்லியை நம்பினான். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஒரு மண்டலம் அரைத்துக் குடித்து வந்தான். மருத்துவமனைப் பக்கம் போகவில்லை.

“ஐயா, ஒன்பதாம் வகுப்பில் தாங்கள் நடத்திய கீழாநெல்லிப் பாடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதை நம்பித்தான் இத்தனை ஆண்டும் இருந்தேன். இப்போது டாக்டர் ஈரல் சுருங்கிவிட்டது என்கிறார். நான் அரைத்துக் குடித்த முறையில் ஏதேனும் பிழை இருக்குமோ?” என்று கேட்டான்.

அவன் என்மேல் குறை சொல்ல வரவில்லை. தன்னிடத்திலேயே குறை தேடிக்கொண்டு வந்திருந்தான். அந்தக் கேள்வி என்னைத் தைத்தது. அவனுக்கு நான் சொன்ன விடையைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில் காமாலை என்பது என்ன என்று பார்ப்போம். நம் வயிற்றின் வலப்புறம், விலா எலும்புகளின் அடியில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல் இருக்கிறது. உண்ட உணவின் சத்தைப் பக்குவப்படுத்துவதும், நஞ்சை முறிப்பதும், பித்தநீரைச் சுரப்பதும் அதன் தொழில்கள். வயதாகி அழியும் சிவப்பணுக்களிலிருந்து ஒரு மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. அதைப் பித்தநீரோடு வெளியேற்றுவதும் கல்லீரலே. கல்லீரல் நலிந்தால் அந்த மஞ்சட்பொருள் இரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தெரிகிறது. ஆகவே காமாலை ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. கதவைத் தட்டுகிறவர் யார் என்பதைத் தட்டும் ஓசை சொல்லாதல்லவா? அது போலத்தான். அசுத்தமான குடிநீரால் பரவும் ஏ, ஈ வகை வைரஸ்கள், இரத்தத்தின் வழியாகப் பரவும் பி, சி வகை வைரஸ்கள், மதுப்பழக்கம், பித்தப்பைக் கல் என்று பல காரணங்களால் காமாலை வரலாம்.

நம் ஊர்களில் மிகுதியாகக் காண்பது குடிநீரால் வரும் காமாலை. கருவுற்ற பெண்களுக்கு ஈ வகை பேராபத்தாக முடிவதுண்டு. அதை விட்டால் இவ்வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே நீங்கிவிடும். நல்ல வயதில் தொற்றும் பி வகையும் அப்படியே. உடல் வளர்ந்த ஒருவருக்கு அது புதிதாகத் தொற்றினால், 100க்கு 95 பேருக்கு மேல் தாமே குணமடைகின்றனர். நீக்குவது யார்? நம் உடலின் நோயெதிர்ப்பாற்றல். அந்தச் சில வாரங்களில் நோயாளி கீழாநெல்லி குடித்திருந்தால் புகழ் கீழாநெல்லிக்குப் போகும். மந்திரித்திருந்தால் மந்திரத்திற்குப் போகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். உழைத்தது உடல், பெயர் பெற்றது மூலிகை.

இனி என் மாணவனுக்கு வந்த நோயைக் கவனிப்போம். அவனுக்கு அந்தக் கிருமி தொற்றியது பெரும்பாலும் பிறந்த பொழுதிலோ, கைக்குழந்தைப் பருவத்திலோ இருக்கக்கூடும். தாயின் இரத்தத்தில் இருக்கும் பி வைரஸ் பிரசவத்தின்போது பிள்ளைக்குத் தொற்றும். பெரியவர்களில் 100க்கு 5 பேருக்கும் குறைவாகவே நிலைத்துவிடும் இந்நோய், பச்சிளங் குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 90 பேருக்கு நிலைத்துவிடுகிறது. ஆறு திங்களுக்கு மேல் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் நீடித்தால் அதனை நாட்பட்ட நோய் என்பர்.

ஒரே கிருமி பெரியவரை விட்டு நீங்குவானேன், பிள்ளையிடம் தங்குவானேன்? விடை கிருமியிடம் இல்லை, காவலரிடம் இருக்கிறது. நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் ஊர்க்காவலரைப் போன்றவை. தம்மவர் யார், அயலார் யார் என்று பழகிக்கொள்ளும் இளம் பருவத்திலேயே ஒருவன் வீட்டிற்குள் வந்து அமர்ந்துவிட்டால், காவலர் அவனை வீட்டாரில் ஒருவனாக எண்ணிவிடுகின்றனர். அதுமட்டுமன்று. இந்த வைரஸ் ஒரு சூழ்ச்சியும் செய்கிறது. முழுக் கிருமிகளை உண்டாக்குவதோடு, உள்ளே சரக்கில்லாத வெற்று ஓடுகளை அவற்றினும் ஆயிரக்கணக்கான மடங்கு உண்டாக்கி இரத்தத்தில் மிதக்க விடுகிறது. காவலர் கண்ட இடமெல்லாம் இந்த ஓடுகளே. அவற்றைக் கண்டு கண்டு சோர்ந்து, கடைசியில் கை ஓய்ந்துவிடுகின்றனர். இரத்தப் பரிசோதனையில் அடையாளமாகக் கண்டுபிடிக்கப்படுவதும் இந்த ஓட்டின் பொருளே.

இங்கே வியப்பான செய்தி ஒன்றுண்டு. பி வைரஸ் கல்லீரல் அணுக்களுக்குள் குடியிருந்தபோதிலும், பெரும்பாலும் தானாக அவற்றைக் கொல்வதில்லை. அணுக்களைக் கொல்வது நம்முடைய காவற்படைதான். கிருமி குடிபுகுந்த அணுவைக் கண்டால் அணுவோடு சேர்த்து அழிப்பது அதன் முறை. படை முழு வலிமையோடு எழுந்தால் சில வாரங்களில் போர் முடிந்து கல்லீரல் மீண்டும் தழைக்கும். படை அடியோடு உறங்கினால் கல்லீரலுக்கு உடனடிச் சேதமில்லை. கிருமி மட்டும் பெருகும். ஆனால் பாதி விழித்து, பாதி உறங்கி, ஆண்டுக்கணக்கில் வெல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் போரிட்டுக்கொண்டே இருந்தால்? ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு தழும்பு விழும். தழும்பின்மேல் தழும்பு விழுந்து கல்லீரல் இறுகிச் சுருங்கும். சிலருக்கு அதில் புற்றுநோயும் தோன்றும். வேலியே பயிரை மேய்ந்த கதை இது. இத்தனையும் ஓசையின்றி நடக்கும். இருபது ஆண்டுகள் ‘ஒன்றுமில்லை’ என்று என் மாணவன் நம்பியிருந்த காலம் முழுவதும் உள்ளே இது நடந்துகொண்டுதான் இருந்தது.

ஆகவே வைத்தியர்கள் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்கள். கிருமியை அடிப்பதோடு நில்லாமல், சோர்ந்த காவலரை மீண்டும் எழுப்ப முடியுமா? எழுப்பினாலும் கல்லீரலை அழித்துவிடாதபடி அளவாக எழுப்ப முடியுமா? இப்படி நோயெதிர்ப்பாற்றலைக் கூட்டியோ குறைத்தோ சீர் செய்யும் மருந்துகளை எதிர்ப்புச் சீராக்கி மருந்துகள் என்று நாம் அழைக்கலாம்.

அளவு என்றேனே, அதை மரக்காணத்து உப்பளத்தில் கண்டறியலாம். பாத்தியில் கட்டிய உவர்நீர் வெயிலில் வற்ற வேண்டும். போதிய அளவு வற்றாவிட்டால் உப்பு இறங்காது. அளவு மீறி வற்றவிட்டால் நல்ல உப்போடு கசப்பான உப்புகளும் சேர்ந்து இறங்கிவிடும். எனவே உரிய நேரத்தில் உப்பை வாரி, எஞ்சிய கசப்புநீரை வெளியேற்றிவிடுவார்கள். உப்பளத் தொழிலாளியின் திறமையெல்லாம் அந்த நேரத்தை அறிவதில் இருக்கிறது. எதிர்ப்பாற்றலைக் கையாளும் மருத்துவமும் இவ்வாறே நேரமும் அளவும் அறிந்து செய்யவேண்டிய தொழில்.

இவ்வகை மருந்துகளில் முதன்மையானது இன்டர்பெரான். 1957ஆம் ஆண்டில் லண்டனில் மில் ஹில் என்னுமிடத்திலிருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்னும் இருவர் கோழிமுட்டைக் கருவின் சவ்வைக்கொண்டு ஆராய்ந்தனர். செயலிழக்கச் செய்த சளிக்காய்ச்சல் வைரஸை அச்சவ்வின்மேல் இட்டபோது, அணுக்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்தன. அப்பொருள் பட்ட புதிய அணுக்களில் உயிருள்ள வைரஸ் வளர முடியவில்லை. வைரஸின் வேலையில் குறுக்கிடுவதால் அதற்கு இன்டர்பெரான் என்று பெயரிட்டனர். ஊரில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அவ்வீட்டார் கூவி அண்டை வீட்டாரை எச்சரிக்கின்றனர் அல்லவா? அணுக்கள் எழுப்பும் அத்தகைய கூவலே இன்டர்பெரான். அது அணுக்களுக்குள் வைரஸ் படியெடுக்கும் வேலையை முடக்குகிறது. காவலணுக்களையும் தட்டி எழுப்புகிறது.

நாட்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்கு இன்டர்பெரானை ஊசி மருந்தாக 1992இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. தொடக்கத்தில் அதை வாரத்தில் பல முறை போடவேண்டியிருந்தது. பின்னர் அம்மருந்துடன் ஒரு நீண்ட வாலைப் போன்ற வேறொரு பொருளை இணைத்து, இரத்தத்தில் நெடுநேரம் தங்கும்படி செய்தனர். 2005இல் அனுமதி பெற்ற இப்புதிய வகையை வாரம் ஒரு முறை, 48 வாரங்கள் போட்டால் போதும். கால எல்லை உடையது என்பது இதன் பெருஞ்சிறப்பு. நன்கு பயனளித்தால், மருந்தை நிறுத்திய பின்னும் காவலர் விழித்தேயிருப்பர்.

பயன் எல்லோருக்கும் கிட்டுகிறதா? இல்லை. கிருமி மும்முரமாகப் பெருகும் நிலையிலுள்ள நோயாளிகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே நோய் அடங்குகிறது. இரத்தத்திலிருந்து அந்த ஓட்டின் அடையாளமே மறைவது 100க்கு மிகச் சிலருக்குத்தான். துன்பமும் உண்டு. சளிக்காய்ச்சல் வந்தால் நமக்கு உடல்வலியும் காய்ச்சலும் வருவதற்கு நம் உடலே சுரக்கும் இன்டர்பெரானும் ஒரு காரணம். அதையே ஊசியில் ஏற்றினால் அத்துன்பம் வாரந்தோறும் வரும். வெள்ளணுக்கள் குறையலாம், தைராய்டுச் சுரப்பி பாதிக்கப்படலாம், மனச்சோர்வு ஆழமாகச் சூழலாம். எல்லாவற்றினும் முக்கியமானது, கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொண்டவர்களுக்கு இம்மருந்தைக் கொடுக்கவே கூடாது. காவலரை எழுப்பினால் எஞ்சியிருக்கும் சிறிது கல்லீரலும் போரில் அழிந்துவிடும். என் மாணவனுக்கு டாக்டர் இதைத்தான் சொல்லியிருந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் இந்த வழியும் ஆலோசனைக்கு உரியதாக இருந்திருக்கும். இப்போது அந்தக் கதவு மூடிவிட்டது என்றார்.

மறுபுறத்தையும் பாருங்கள். வேறொரு நோய்க்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைச் சிலருக்குக் கொடுக்கவேண்டி வருகிறது. புற்றுநோய் மருந்துகள் சில அத்தகையன. அவற்றை உட்கொள்ளும்போது, பல ஆண்டுகளாக அடங்கிக்கிடந்த பி வைரஸ் தலைதூக்கிப் பெருகிக் கல்லீரலைத் தாக்குவதுண்டு. அதனால்தான் அம்மருந்துகளைத் தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி சோதனை செய்கின்றனர். குணமாகிவிட்டது என்று நாம் எண்ணிய காலமெல்லாம் காவலர் விழித்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்று பெரும்பாலான நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுவது மற்றொரு வகை மருந்து. டெனோபோவிர், என்டெகாவிர் என்பன அவ்வகையின. இவை காவலரை எழுப்புவதில்லை. வைரஸ் தன்னைப் படியெடுக்கும் எழுத்துவேலையை நிறுத்துகின்றன. நாள்தோறும் ஒரு மாத்திரை. பக்க விளைவுகள் குறைவு. கிருமி பெருகுவது நின்றால் போரும் தணிகிறது. தழும்பு விழுவதும் நிற்கிறது. சுருங்கிய கல்லீரல் உள்ளவர்களுக்கும் இவற்றைக் கொடுக்கலாம். ஆனால் அணுவின் கருவறைக்குள் வைரஸ் ஒரு சிறு வளையமாகத் தன் மூலப்படியைப் பதுக்கி வைத்திருக்கிறது. மாத்திரை அந்த மூலப்படியை அழிப்பதில்லை. ஆகவே பெரும்பாலோர் நெடுங்காலம் உட்கொள்ள வேண்டும். டாக்டரைக் கேளாமல் திடீரென நிறுத்தினால் நோய் சீறி எழும்.

மாணவர்களே, இப்போது நாம் கீழாநெல்லிக்குத் திரும்புவோம். 1988ஆம் ஆண்டுப் பாடத்தில் நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லி முடிக்க வேண்டும்.

அந்த ஆராய்ச்சியைச் செய்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜனும் அவருடைய உடனாய்வாளர்களும். பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர் அவர். அவர்களோடு இணைந்த அமெரிக்க விஞ்ஞானி பிலடெல்பியா நகரத்து பாரூக் பிளம்பர்க். 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் ஒரு புதிய பொருளைக் கண்டு, அதுவே பி வைரஸின் மேலோடு என்று தெளிய வழிகாட்டியவர் அவர். அதற்காக 1976இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் பிறந்த ஜூலை 28ஆம் நாளே இன்று உலக ஹெபடைடிஸ் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி மிகச் சரியான கேள்வி. தானே குணமாகும் காமாலையில் கீழாநெல்லியைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. நாட்பட்டுக் கிருமி தங்கியவர்களிடம் அடையாளம் தானாக மறைவது ஆண்டுக்கு 100க்கு ஏறத்தாழ ஒருவருக்கே. அத்தகையோரிடம் மருந்து வேலை செய்தால் அது மருந்தின் வேலையே. எனவே அத்தகையோர் 78 பேரைக் கொண்டு ஆய்வு தொடங்கிற்று. ஒரு சாராருக்குக் கீழாநெல்லித் தூள் 200 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, 30 நாட்கள் கொடுத்தனர். மற்றொரு சாராருக்கு மருந்தற்ற போலித் தூள். மருந்து முடிந்து 15 முதல் 20 நாட்களில் சோதித்தபோது, கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரிடம் அடையாளம் மறைந்திருந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்திருந்தது. 100க்கு 59 பேர் எங்கே, 4 பேர் எங்கே!

கணக்கில் கெட்டிக்காரர்கள் இதற்குள் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பீர்கள். 37உம் 23உம் கூட்டினால் 60. மீதி 18 பேர் இறுதிக் கணக்கில் இல்லை. போலி மருந்துக் கூட்டம் மற்றதைவிடச் சிறுத்துப்போயிருக்கிறது. அந்த 18 பேரின் முடிவு வேறாக இருந்திருந்தால் விகிதம் மாறியிருக்கும். ஆசிரியர்களும் இதனை முடிந்த முடிவென்று சொல்லவில்லை. முதற்கட்ட ஆய்வு என்றே வெளியிட்டனர். அதை முடிந்த முடிவாக்கியவன் கரும்பலகையின் முன் நின்ற நான்தான்.

பிறகு என்ன நடந்தது? விஞ்ஞான உலகம் செய்யவேண்டியதைச் செய்தது; மற்றவர்களும் சோதித்தார்கள். தாய்லாந்தில் சோதித்தவர்கள் கீழாநெல்லியால் அடையாளம் மறையவில்லை என்று 1990இல் அதே லான்செட் இதழில் எழுதினார்கள். நியூசிலாந்தில் சோதித்தவர்களும் 1994இல் அவ்வாறே கூறினார்கள். செடியின் வகை வேறோ, விளைந்த மண் வேறோ, பறித்த பருவம் வேறோ, வைரஸின் இனம் வேறோ என்றெல்லாம் காரணம் தேடப்பட்டது. தேடுவது நியாயமே. ஆயினும் 2011இல் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் ஒருங்கே திரட்டி எடைபோட்ட காக்ரேன் என்னும் சர்வதேச மதிப்பாய்வு அமைப்பினர், நாட்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்கு இச்செடி பயனளிக்கும் என்று நம்புவதற்குப் போதிய சான்று இல்லை என்றே முடிவு கூறினர்.

இதனால் சென்னை ஆராய்ச்சியாளர்களுக்குச் சிறுமை உண்டா? ஒருபோதும் இல்லை. பாட்டி சொன்னாள் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை; பாட்டி சொன்னாள் என்பதற்காக இகழ்ந்து தள்ளவும் இல்லை. போலி மருந்தோடு ஒப்பிட்டு, எண்களை எல்லோரும் காண வெளியிட்டு, “நீங்களும் சோதித்துப் பாருங்கள்” என்று உலகின் முன் வைத்தார்கள். சோதிக்க இடங்கொடுத்த ஆய்வே ஆய்வு. தவறு முதற்செய்தியைக் கேட்டுக் கை தட்டிவிட்டு, இரண்டாம் செய்திக்குக் காத்திராதவர்களுடையது.

அன்று மாலை என் மாணவனிடம் இவ்வளவையும் சொன்னேன். “நீ அரைத்ததில் பிழை இல்லை, தம்பி. நான் நடத்திய பாடம் பாதியில் நின்றுவிட்டது, பிழை அதில்தான்” என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் அந்த மாத்திரையைச் சாப்பிடலாமா, ஐயா?” என்று மட்டும் கேட்டான். 31 ஆண்டுகள் கழித்து அப்பாடத்தை முடித்தேன்.

நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி, அரசு மையங்களில் இந்நோய்க்குச் சோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவனும் அம்மாத்திரையைத் தொடங்கினான். ஓராண்டிற்குள் கால் வீக்கம் வடிந்தது. மீண்டும் கணக்கு எழுதப் போகிறான். தழும்பு முழுவதும் மறையவில்லை. ஆறு திங்களுக்கு ஒருமுறை புற்றுநோய் தோன்றுகிறதா என்று படமெடுத்துப் பார்க்கவேண்டும். இழந்த இருபது ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

உப்பளத்தில் சிலர் அவனோடு ஒரே பானைத் தண்ணீரைக் குடிக்கத் தயங்கினார்கள் என்று கேள்விப்பட்டு, நானே அங்கே போய்ப் பேசினேன். இந்நோய் உடனுண்பதால் பரவாது. கை குலுக்குவதால் பரவாது. ஒரே குவளையில் நீர் பருகுவதால் பரவாது. தாயிடமிருந்து பிள்ளைக்கும், இரத்தத்தாலும், தூய்மையற்ற ஊசியாலும், பிறர் சவரக்கத்தியாலும், உடலுறவாலும் பரவும். அவன் மனைவியையும் மகளையும் சோதித்தார்கள். மனைவிக்குத் தொற்று இல்லை; தடுப்பூசி போடப்பட்டது. மகளுக்குக் குழந்தைப் பருவத்திலேயே தடுப்பூசி போட்டிருந்தார்கள், அவளுக்கும் தொற்றில்லை.

அந்தத் தடுப்பூசியும் எதிர்ப்பாற்றலுக்குக் கற்பிக்கும் ஒரு பாடமே. வைரஸின் வெற்று ஓட்டை மட்டும் முன்கூட்டியே காவலருக்குக் காட்டி, “இவனை அடையாளம் வைத்துக்கொள்” என்று சொல்லி வைப்பது அது. எந்த ஓட்டைக் கொண்டு வைரஸ் காவலரை ஏய்த்ததோ, அதே ஓட்டைக் கொண்டு அதை முறியடிக்கிறோம். பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போடவேண்டும். 2011ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் இது அடங்கியிருக்கிறது. காவலர் சோர்ந்தபின் எழுப்புவது எத்துணைக் கடினம் என்று பார்த்தோம். சோருமுன் கற்பிப்பதோ ஒரு சிறு ஊசியில் முடிந்துவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022இல் உலகில் 25.4 கோடிப் பேர் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி நோயுடன் வாழ்ந்தனர். நம் நாட்டில் மட்டும் ஏறத்தாழ 3 கோடிப் பேர். உலகில் இந்நோயுள்ளோரில் தமக்கு நோய் இருப்பதை அறிந்தவர் 100க்கு 13 பேரே. எஞ்சியவர் என் மாணவனைப் போல ஒன்றுமில்லை என்று எண்ணியிருப்பவர். வீட்டிலுள்ள பெரியவர்களை ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது நீங்கள் அவர்களுக்குச் செய்யும் பேருதவியாகும்.

கீழாநெல்லி இன்றும் வரப்போரத்தில் பசுமையாக முளைத்திருக்கிறது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை, அன்பும் குறையவில்லை. நாளை உங்களில் ஒருவர் அதிலிருந்தே ஒரு நல்ல மருந்தைப் பிரித்தெடுத்து, முறைப்படி சோதித்து, உலகம் ஒப்புக்கொள்ளும்படி நிறுவக்கூடும். அப்படி ஒரு நாள் வந்தால் மகிழ்ச்சியில் முதலில் கை தட்டுகிறவன் நானாகவே இருப்பேன். ஆனால் இம்முறை, இரண்டாவது சோதனையின் முடிவும் மூன்றாவதன் முடிவும் வந்தபின்புதான் தட்டுவேன்.